அவன் என்ன சொன்னான்? ஆங்கிலத்தில் அயற்கூற்று



கலும்பாங்கில் சனிக்கிழமை மாலை நடக்கும் ஆங்கில வகுப்பில், எதைச் சொல்லிக்கொடுத்தாலும் முகம் சுளிக்காத பிள்ளைகள்கூட ஒரு பாடத்தின் பெயரைக் கேட்டதும் நோட்டை மூடப் பார்க்கிறார்கள். 'டைரக்ட் ஸ்பீச், ரிப்போர்ட்டட் ஸ்பீச்.' "அண்ணே, அதுல பெரிய பட்டியல் ஒண்ணு இருக்குமே, அத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா?" என்று நான்காம் படிவத்து மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள். பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அதில் முக்கால்வாசியை நீங்கள் தமிழ்ப்பள்ளியிலேயே படித்து முடித்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது கால்வாசி. அந்தக் கால்வாசியில்தான் நாம் எல்லாரும் சறுக்குகிறோம். அதனால் இந்த மாதம் அதையே பிடித்துக்கொள்வோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வதில் ஒரு தமிழரின் உயிரே தொங்கிய வழக்கு ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. அதையும் பின்னால் பார்ப்போம்.

ஒரு குறிப்பு. ஆங்கில வாக்கியங்களை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். படித்துக்கொண்டே பக்கத்தில் ஒரு தாளில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதி வாருங்கள். அதுவே பாதிப் பயிற்சி.

முதலில் தமிழ்ப்பள்ளிக்குப் போவோம். நேர்க்கூற்று, அயற்கூற்று நினைவிருக்கிறதா?

"நான் நாளை இங்கு வருவேன்" என்று குமரன் கூறினான். இது நேர்க்கூற்று.

தான் மறுநாள் அங்கு வருவதாகக் குமரன் கூறினான். இது அயற்கூற்று.

என்னென்ன மாறியது? 'நான்' என்பது 'தான்' ஆனது. 'நாளை' என்பது 'மறுநாள்' ஆனது. 'இங்கு' என்பது 'அங்கு' ஆனது. மேற்கோள் குறியும் 'என்று' என்ற சொல்லும் போய், வினையோடு 'ஆக' ஒட்டிக்கொண்டது.

மலாய்ப் பாடத்திலும் இதையேதான் படித்தீர்கள். 'சாக்காப் அஜோக்', 'சாக்காப் பிண்டா' என்று பெயர். இந்த 'பிண்டா' என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீடு மாறுவதைத்தானே 'பிண்டா ரூமா' என்கிறோம்? ஒரு பேச்சு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் குடிபெயர்கிறது. வீடு மாறினால் சாமான் அதேதான். வைக்கிற இடம் மட்டும் மாறும். குமரன் தன்னை 'நான்' என்று சொல்லலாம். அவன் பேச்சை எடுத்துச் சொல்லும் நான் அவனை 'நான்' என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் இலக்கணம்.

இப்போது அதே குமரனை ஆங்கிலத்துக்குக் கூட்டி வருவோம்.

"ஐ வில் கம் ஹியர் டுமாரோ," குமரன் செட்.

குமரன் செட் தட் ஹீ வுட் கம் தேர் த நெக்ஸ்ட் டே.

'ஐ' போய் 'ஹீ' வந்தது. 'ஹியர்' போய் 'தேர்' வந்தது. 'டுமாரோ' போய் 'த நெக்ஸ்ட் டே' வந்தது. இந்த மூன்றும் தமிழில் நாம் செய்ததேதான். புதிதாக இருப்பது ஒன்றே ஒன்று: 'வில்' என்பது 'வுட்' ஆகிவிட்டது. வினையின் காலம் ஒரு படி பின்னால் போய்விட்டது.

ஏன் போகிறது? இதை யாரும் விளக்குவதில்லை. பட்டியலை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். நான் வகுப்பில் இரண்டு கடிகாரம் வரைந்து காட்டுவேன்.

திங்கட்கிழமை உங்கள் நண்பன் "ஐ ஆம் சிக்" என்கிறான். வெள்ளிக்கிழமை நீங்கள் அதை ஆசிரியரிடம் சொல்கிறீர்கள். தமிழில் எப்படிச் சொல்வோம்? "உடம்பு சரியில்லன்னு சொன்னான் சார்." 'சரியில்லை' என்பது நிகழ்காலம். வெள்ளிக்கிழமை அவன் நன்றாகப் பந்து விளையாடிக்கொண்டு இருந்தாலும், இந்தத் தமிழ் வாக்கியத்தில் தப்பு இல்லை. ஏனென்றால், தமிழில் உள்ளே இருக்கும் வினை சொன்னவனுடைய கடிகாரத்தைப் பார்க்கிறது. அவன் திங்கட்கிழமையில் நின்று பேசினான்; அந்தத் திங்கட்கிழமையை அப்படியே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறோம். மலாயும் அப்படித்தான். 'டியா காத்தா டியா சாக்கிட்.' வினையில் எந்த மாற்றமும் இல்லை.

ஆங்கிலம் அப்படி இல்லை. அதில் உள்ளே இருக்கும் வினையும் திருப்பிச் சொல்பவனுடைய கடிகாரத்தைப் பார்க்கும். வெள்ளிக்கிழமையில் நின்று பார்த்தால் அவனுடைய காய்ச்சல் கடந்த காலம். ஆகவே, 'ஹீ செட் தட் ஹீ வாஸ் சிக்.' 'ஹீ செட் ஹீ இஸ் சிக்' என்றால், கேட்கிற ஆசிரியர் அவன் இன்னும் படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

தமிழும் மலாயும் ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இரண்டு மொழியும் நம்மை ஒரே திசையில் இழுப்பதால்தான் 'ஹீ செட் ஹீ வில் கம்', 'ஷீ செட் ஷீ கேன் டூ' என்று வாயில் தானாக வருகிறது. அறிவுக் குறைவு ஒன்றும் இல்லை. பழக்கம்.

படி பின்னால் போவது இப்படி: 'ஆம்', 'இஸ்' இரண்டும் 'வாஸ்' ஆகும்; 'ஆர்' என்பது 'வெர்' ஆகும். 'கோ' என்பது 'வெண்ட்' ஆகும். 'வில்' 'வுட்' ஆகும். 'கேன்' 'குட்' ஆகும். 'மே' 'மைட்' ஆகும். 'மஸ்ட்' பெரும்பாலும் 'ஹேட் டு' ஆகும். ஏற்கெனவே கடந்த காலத்தில் இருப்பதை இன்னும் எங்கே தள்ளுவது? அதற்குத்தான் 'ஹேட்' இருக்கிறது. "ஐ லாஸ்ட் மை ஐசி" என்றவனைப் பற்றி 'ஹீ செட் தட் ஹீ ஹேட் லாஸ்ட் ஹிஸ் ஐசி' என்கிறோம். சொன்னது நேற்று, தொலைத்தது அதற்கும் முன்னால். 'ஹேட்' வந்துவிட்டால் அதற்குமேல் தள்ள இடம் இல்லை, அங்கேயே நிற்கும். 'வுட்', 'குட்', 'மைட்', 'ஷுட்' நான்கும் அப்படியே நிற்கும்.

தள்ளாமல் விடும் இடங்களும் உண்டு. 'செட்' என்பதற்குப் பதில் 'சேஸ்' என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் எதையும் தள்ள வேண்டாம். என்றும் மாறாத உண்மையைத் தள்ள வேண்டியதில்லை: சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று ஆசிரியர் நேற்றுச் சொன்னார் என்பதற்காக, இன்று அது மேற்கில் உதிக்கப்போவதில்லை. இன்னும் வராத ஒரு நாளைப் பற்றிச் சொன்னால், 'ஹீ செட் ஹீ வில் கம் நெக்ஸ்ட் வீக்' என்று ஆங்கிலேயரே பேசுவார்கள். தப்பென்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால், எஸ்பிஎம் தாளில் எழுதும்போது சந்தேகம் வந்தால் ஒரு படி தள்ளிவிடுங்கள். தள்ளியதற்காக மதிப்பெண் போகாது.

நாள், இடச் சொற்களில் ஓர் எச்சரிக்கை. 'டுமாரோ' என்றாலே கண்ணை மூடிக்கொண்டு 'த நெக்ஸ்ட் டே' என்று மாற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் சொன்னதை அதே நாள் மாலையில் திருப்பிச் சொன்னால், நாளை இன்னும் நாளைதான். கலும்பாங்கில் சொன்னதைக் கலும்பாங்கிலேயே நின்று சொன்னால் 'ஹியர்' மாற வேண்டிய அவசியம் இல்லை. அதையே தஞ்சோங் மாலிமில் நின்று சொன்னால் 'தேர்' ஆகும். நீங்கள் எங்கே, எப்போது நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 'ராமன் முத்துவிடம் தான் வென்றதாகச் சொன்னான்' என்றால், வென்றவன் ராமன்தான், சந்தேகமே கிடையாது. 'அவன் வென்றதாக' என்றால் முத்துவாக இருக்கலாம், வேறொருவனாகவும் இருக்கலாம். 'தான்' என்ற ஒரு சின்னச் சொல் அத்தனை வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் 'ராமன் டோல்ட் முத்து தட் ஹீ ஹேட் வன்.' அந்த 'ஹீ' யார்? வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு ஆண்கள், அல்லது இரண்டு பெண்கள் வரும்போது 'ஹீ', 'ஷீ' என்று விட்டுவிடாமல் பெயரையே இன்னொரு முறை எழுதிவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும். குழப்பம் வராது.

அடுத்தது 'செட்', 'டோல்ட்'. 'ஹீ செட் மீ' என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. 'டோல்ட்' என்றால் யாரிடம் என்று உடனே ஆள் வரவேண்டும்: 'ஹீ டோல்ட் மீ.' 'செட்' என்றால் ஆள் தேவையில்லை. ஆள் வந்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் 'டு' போடவேண்டும்: 'ஹீ செட் டு மீ.' இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

கேள்விகளுக்கு வருவோம். இங்கேதான் நிறைய மதிப்பெண் போகிறது. "வேர் டு யூ லிவ்?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். திருப்பிச் சொல்லும்போது நம் பிள்ளைகள் 'ஷீ ஆஸ்க்ட் மீ வேர் டு ஐ லிவ்' என்கிறார்கள். கேள்வியை எடுத்துச் சொல்லும் வாக்கியம் கேள்வி அல்ல. அது ஒரு செய்தி. ஆகவே, கேள்விக்கென்று வந்த 'டு' வெளியேற வேண்டும், கேள்விக்குறியும் வெளியேற வேண்டும். 'ஷீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்.' எழுவாய் முன்னால், வினை பின்னால், எப்போதும் போல.

'ஆமாம்', 'இல்லை' என்று பதில் வரும் கேள்வியாக இருந்தால்? "டு யூ லைக் தோசை?" தமிழில் என்ன சொல்வோம்? 'தோசை பிடிக்குமான்னு கேட்டாங்க.' அந்த 'பிடிக்குமா'வில் உள்ள 'ஆ' இருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்.' தமிழில் வாலில் தொங்குவது ஆங்கிலத்தில் தலையில் ஏறிக்கொள்ளும். 'ஷீ ஆஸ்க்ட் மீ வெதர் ஐ லைக்ட் தோசை.' தமிழில் நினைக்கும்போது 'ஆ' கேட்டால், 'வெதர்' போடுங்கள். யார், எங்கே, ஏன், எப்போது என்ற சொல் கேட்டால், அந்தச் சொல்லையே போடுங்கள். இந்த ஒரு சூத்திரம் போதும்; வகுப்பில் இதைச் சொன்ன பிறகு கேள்வி வாக்கியத்தில் தவறு பாதியாகக் குறைந்திருக்கிறது.

கட்டளை அதைவிட எளிது. "டோண்ட் டச் த வயர்!" என்று மின்சாரம் பழுதுபார்க்க வந்தவர் கத்தினார். 'ஹீ டோல்ட் அஸ் நாட் டு டச் த வயர்.' செய் என்றால் 'டு'. செய்யாதே என்றால் 'நாட் டு'. காலம், படி என்று எதுவும் கிடையாது.

இதுவரை சொன்னது பரீட்சைக்கு. இனிமேல் சொல்வது பரீட்சை முடிந்த பிறகும் வேண்டியது.

நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுப்பதுண்டு. இப்படி ஒருமுறை, பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அத்தை தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பல வருடம் வேலை செய்த தோட்டம் கை மாறியிருந்தது. புதிய நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறது. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். "இருக்கலாம்னு பழைய மேனேஜர் சொன்னாருப்பா" என்றார் அத்தை. பேரன் ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தான்: 'த மேனேஜர் செட் வீ கேன் ஸ்டே.'

அந்த வரியைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன புரியும்? எந்த மேனேஜர், எப்போது என்று ஒன்றும் இல்லை. 'கேன்' என்பதால், இப்போதைய நிர்வாகமே இன்று அனுமதி கொடுத்திருப்பது போலவும் தெரிகிறது. "அப்படி யாரும் அனுமதி தரவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட முடியும்.

அத்தையிடம் கேட்டேன். "அத்தே, அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க. என்ன பாஷையில சொன்னாரு?" அவர் மலாயில் சொன்னாராம். அத்தைக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருந்தது: "மக்சிக் போலே டுடோக் சினி டூலு." 

கடைசியில் உள்ள அந்த 'டூலு'வைக் கவனித்தீர்களா? 'இப்போதைக்கு', 'முதலில்' என்று பொருள். மேனேஜர் என்றைக்கும் இருக்கலாம் என்று சொல்லவில்லை. இப்போதைக்கு இருங்கள் என்றார். பேரன் அதை எழுதினால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று பயந்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'டூலு'வை விட்டுவிட்டு எழுதினால் சொல்லாத வாக்கு ஒன்றை அவர் வாயில் போட்டதாகிவிடும். நாளைக்கு அந்தப் பழைய மேனேஜரையே அழைத்துக் கேட்டால், அவர் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பார். அதோடு அத்தை சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும். ஆகவே, யார், எந்த மாதம், எந்த இடத்தில் என்று எழுதி, 'ஹீ டோல்ட் மீ தட் ஐ குட் ஸ்டே தேர் ஃபார் த டைம் பீயிங்' என்று போட்டேன். அதன் கீழே அவர் சொன்ன மலாய் வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்தேன். கடிதத்துக்குப் பதில் வந்தது, பேச்சுவார்த்தைக்கும் கூப்பிட்டார்கள். அது வேறு கதை.

வாக்குறுதி, மிரட்டல், வசை இந்த மூன்றையும் அயற்கூற்றில் மட்டும் எழுதாதீர்கள். சொன்ன மொழியிலேயே, சொன்ன சொல்லிலேயே நேர்க்கூற்றாகவும் ஒருமுறை எழுதி வையுங்கள். தமிழில் கேட்டு, மலாயில் நினைத்து, ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு முறை வீடு மாறுகிறது. வழியில் ஒரு சாமானாவது விழுந்துவிடும்.

இப்போது நான் சொன்ன வழக்குக்கு வருவோம். அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1955-ஆம் ஆண்டு, ஏப்ரல் 29-ஆம் தேதி. ஜொகூரில் ரெங்கம் வட்டாரத்தில், காயம்பட்ட நிலையில் சுப்பிரமணியம் என்பவரைப் பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். அவரிடம் 20 தோட்டாக்கள் இருந்ததாகக் குற்றச்சாட்டு. அன்றைய அவசரகால விதிகளின்படி அதற்குத் தூக்குத்தண்டனை. காட்டில் இருந்த பயங்கரவாதிகள் தம்மைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மிரட்டலுக்குப் பயந்தே அவர்களோடு இருந்தேன் என்பது அவருடைய எதிர்வாதம். ஆனால், அவர்கள் தம்மிடம் என்ன சொன்னார்கள் என்று அவர் சாட்சிக் கூண்டில் சொல்ல ஆரம்பித்தபோது நீதிபதி அனுமதிக்கவில்லை. பிறர் பேசியதைச் சொல்வது செவிவழிச் சாட்சி, பேசியவர்களே வந்து சாட்சி சொன்னால்தான் ஏற்கலாம் என்பது காரணம். காட்டில் இருப்பவர்கள் எப்படி வருவார்கள்? அவருக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. மலாயாவில் செய்த மேல்முறையீடும் தோற்றது.

வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1956-இல் தீர்ப்பை எழுதியவர் எல்.எம்.டி. டி சில்வா, இலங்கைக்காரர். அவர் காட்டிய வேறுபாடு நம் இலக்கணப் பாடத்துக்கு நேராக வருகிறது. உதாரணத்துக்கு நானே ஒரு வாக்கியம் அமைக்கிறேன். வழக்கில் பதிவான சொல் அல்ல: 'தே செட் தட் தே வுட் கில் மீ.' இதில் இரண்டு செய்தி இருக்கிறது. 'அவர்கள் சொன்னார்கள்' என்பது ஒன்று. 'கொல்வார்கள்' என்பது மற்றொன்று. இரண்டாவதை, அவர்கள் சொன்னது உண்மை என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சி. முதலாவதை, அப்படி ஒரு பேச்சு நடந்தது என்று மட்டும் காட்டுவதற்காகக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சி அல்ல. அந்த மிரட்டலைச் சுப்பிரமணியமே தம் காதால் கேட்டார். அது அவர் மனத்தில் பயத்தை உண்டாக்கியதா என்பதுதான் கேள்வி. மிரட்டினவர்கள் சொன்னபடி செய்வார்களா என்பது அல்ல. அந்தப் பேச்சைச் சொல்ல விட்டிருக்கவேண்டும் என்று கூறி, பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் செவிவழிச் சாட்சி பற்றிய பாடத்தில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஒரு தமிழரின் பெயரில் நிற்கும் வழக்கு.

வகுப்பில் இதை நான் இப்படிச் சொல்வேன். அந்த 'தட்' என்ற சொல் ஒரு வேலி. வேலிக்கு இடப்பக்கம் இருக்கிற 'ஹீ செட்' உங்கள் பொறுப்பு. அவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். வலப்பக்கம் இருப்பது அவர் பொறுப்பு. அது உண்மையா பொய்யா என்பதற்கு நீங்கள் ஜவாப்தாரி இல்லை. வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டால், அதாவது 'ஹீ செட் தட்' என்பதை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் எழுதினால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதாகிவிடும்.

தமிழில் இந்த வேலிக்கு ஓர் எழுத்து போதும். 'வந்தான்' என்றால் பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள். ஆங்கில வினையில் அந்த 'ஆம்' ஒட்டாது. ஆகவே, 'ஐ வாஸ் டோல்ட் தட்', 'ஐ ஹியர்ட் தட்' என்று முழுதாக எழுதித்தான் ஆகவேண்டும். சாலை விபத்து, வேலையிடத்தில் சண்டை, கம்பெனியில் ஒழுங்கு விசாரணை என்று எதற்கு எழுதினாலும், எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: தமிழில் சொன்னால் இதற்கு 'ஆம்' போடுவேனா? போடுவேன் என்றால் ஆங்கிலத்திலும் வேலி வேண்டும்.

வேலிக்கு இடப்பக்கத்தில் எந்த வினையைப் போடுகிறோம் என்பதும் முக்கியம். 'செட்' நடுநிலையானது. 'கிளெய்ம்ட்' என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை என்ற வாசம் வரும். 'அட்மிட்டட்' என்றால் தப்பை ஒப்புக்கொண்டார். 'டினைட்' என்றால் மறுத்தார். நம் உலு சிலாங்கூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1948 டிசம்பரில் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதம் இல்லாத 24 பேரைப் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக்கொன்றார்கள். அவர்கள் தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்று அன்றைய அரசாங்கம் சொன்னது. 1970-இல், அந்தப் படையில் இருந்த சிலர் அப்படி நடக்கவில்லை என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தது பிரிட்டனில் பத்திரிகைச் செய்தியானது. பொது விசாரணை கேட்டு இறந்தவர்களின் குடும்பத்தார் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015-இல் அவர்களுடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. இதை நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது அரசாங்கத்துக்கு 'செட்' போடுவீர்களா, 'கிளெய்ம்ட்' போடுவீர்களா? பிரமாணம் கொடுத்த வீரர்களுக்கு 'செட்' போடுவீர்களா, 'அட்மிட்டட்' போடுவீர்களா? என் வழக்கம், இரண்டு பக்கத்துக்கும் முதலில் 'செட்' போட்டு எழுதிப் பார்ப்பது. ஆதாரம் கையில் இருக்கும் இடத்தில் மட்டும் பிறகு மாற்றுவேன்.

இனி உங்கள் கை. கீழே உள்ளவற்றை ஒரு வாரம் கழித்து, வேறோர் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் சொல்வதாக வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

"ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த பஸ்," என்றாள் தங்கை.

"வீ வில் கிளீன் த டெம்பிள் ஹால் டுமாரோ," என்றார்கள் இளைஞர்கள்.

"டிட் யூ சீ மை ஹெல்மெட்?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"ஒய் ஆர் யூ லேட்?" என்று ஆசிரியர் அவனைக் கேட்டார்.

"டோண்ட் பார்க் ஹியர்," என்றார் காவலர் எங்களிடம்.

மூன்றாவதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுவார்கள். அதை மட்டும் நானே செய்துவிடுகிறேன். 'பார்த்தாயா' என்பதில் 'ஆ' இருக்கிறது. ஆகவே 'இஃப்' வேண்டும். 'டிட்' வெளியேற வேண்டும். பார்த்தது கேட்டதற்கும் முன்னால்; ஆகவே 'ஹேட் சீன்.' அண்ணனுடைய 'மை' நம் வாயில் 'ஹிஸ்' ஆகும். 'மை பிரதர் ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் சீன் ஹிஸ் ஹெல்மெட்.' மற்ற நான்கையும் எழுதிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். வர முடியாத ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் கிளையில் ஆங்கிலம் தெரிந்த அக்கா அண்ணனிடம் காட்டுங்கள்.